அவளுக்குக் காந்தல்னா உசிரு

விரட்டாதீய தம்பி, விரட்டாதீய! கைய இறக்குங்க. அந்தக் காக்கா என்ன உங்க பொட்டலத்தப் பிடுங்கிட்டா ஓடிப் போயிட்டு? பாத்துட்டுத்தான இருக்கு. பாக்குறதுக்கு டிக்கெட்டா வாங்கணும்?

இந்தப் பாலத்துச் சுவர்ல உக்காந்து நிதானமாச் சாப்பிடுங்க. அவசரமே இல்ல. டயர் மாத்தணும், வண்டியில ஜாக்கி இல்ல, எதிர வாற வண்டியில கேட்டு வாங்கணும். கண்டக்டரு பத்து நிமிசம்ங்கான். நம்பாதீய. அரைமணி நேரம் ஆகும். நான் இருபத்தெட்டு வருசம் திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்தவன். எந்த வண்டி எப்பக் கெளம்பும்னு அதோட மொகரையப் பாத்தே சொல்லிருவேன். பேரு ஆவுடையப்பன். ராமேஸ்வரம் போறேன், வீட்டுக்காரிக்கு வருசத் திதி. நீங்களும் அங்கதானா? நல்லதாப் போச்சு, பேச்சுத் துணைக்கு ஆளாச்சு.

காக்காவ ஏன் விரட்டக் கூடாதுன்னு கேக்கலியே நீங்க. கேக்காட்டாலும் சொல்லுவேன். இது ஆப்பிரிக்காவுல நடந்த கதை. ஆமா, ஆப்பிரிக்காதான். ஏன் சிரிக்கீய? இந்த மூஞ்சி ஆப்பிரிக்கா போகாதா?

எம்மக செண்பகா அங்க இருக்கா. கென்யாவுல, கடலோரமா ஒரு ஊரு. நம்ம காயல்பட்டணம் மாதிரியே இருக்கும், தென்னமரம், பள்ளிவாசல், மீன் வாடை எல்லாம் உண்டு. அங்க அவ டாக்டரு. ஊசி போடுற டாக்டரு இல்ல. தெருவுல எல்லாரும் வயித்துவலிக்கு மருந்து கேட்டப்பதான் எனக்கே அது வெளங்கிச்சு. இவ குருவிக்கூட்டுக்குள்ள பாக்குற டாக்டரு. விடியக்காலையில நீளக் கம்பு நுனியில ஒரு சின்னக் கேமராவக் கட்டித் தூக்கிட்டுப் போவா. தூக்கணாங்குருவிக் கூடு ஒண்ணொண்ணுக்குள்ளயும் அதை விட்டு முட்டை இருக்கா, குஞ்சு இருக்கான்னு பாப்பா. நேத்து இருந்த குஞ்சு இன்னைக்கு இல்லன்னா மொகம் செத்துப் போவும். அந்த ஊருத் தூக்கணாங்குருவி மஞ்சப் பூசிக் குளிச்ச மாதிரி இருக்கும் பாத்துக்கிடுங்க. அழகுதான். அதுக்காக, இதுக்குச் சம்பளம் குடுக்கானே ஒருத்தன், அவனத்தான் நான் பாக்கணும்.

பிரம்மசக்தி போயி அஞ்சாவது மாசம் செண்பகா வந்தா. பிரம்மசக்தின்னா என் வீட்டுக்காரி. "ஒத்தையில இருந்து ஓட்டல் சோறு தின்னு என்ன செய்யப் போறீய, வாங்கப்பா"ன்னு மூணு மாச விசா எடுத்துக் கூட்டிட்டுப் போயிட்டா.

போன மறுநாள் காலையில எந்திரிச்சா வீட்டுல ஆளில்ல. இவ கம்பத் தூக்கிட்டுப் போயிட்டா. எனக்கோ பசி. அரிசி இருக்கு, பானை இருக்கு, அடுப்பு இருக்கு. அடுப்படிக்குள்ள நான் போனது அன்னைக்குத்தான் மொதத் தடவை, அதைச் சொல்லுறதுல எனக்கு என்ன வெக்கம்? அரிசியப் போட்டுத் தண்ணிய ஊத்திட்டு வாசல்ல போயி நின்னுட்டேன். அது பாட்டுக்கு வேகும்னு நெனச்சேன். பிரம்மசக்தி இருக்கையில அது பாட்டுக்குத்தான வெந்துச்சு?

வாசனை வந்தப்பறம் ஓடிப் போயி பாக்கேன், அடியில பூராவும் காந்தல். கரியாப் போயிட்டு. மேல இருக்குற வெள்ளைச் சோத்தத் தட்டுல எடுத்துட்டு, இந்தக் காந்தல என்ன செய்யன்னு நிக்கேன். அப்ப ஜன்னல்ல ஒரு சத்தம்: கா!

தம்பி, நம்ம காக்கா! சாம்பக் கழுத்து, அதே திருட்டு முழி, அதே சாய்ச்ச தலை. ஊரு விட்டு ஊரு வந்து, ஒரு வார்த்த தமிழ் பேச நாதியில்லாம நிக்கையில, நம்மூருக் குரல் கேட்டா எப்படி இருக்கும்? கண்ணுல தண்ணி வந்துட்டு எனக்கு. காந்தல அள்ளி ஜன்னல்ல வச்சேன். ஒரு பருக்கை விடாமத் தின்னுச்சு. எடது கால்ல ஒரு வெரல் இல்ல. நொண்டி நொண்டித் தின்னுச்சு.

அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இது யாருன்னு.

எப்படியா? பிரம்மசக்திக்குக் காந்தல்னா உசிரு தம்பி! முப்பத்தஞ்சு வருசக் குடித்தனத்துல நான் கண்ணாரப் பாத்தது. எனக்கும் பிள்ளைக்கும் நல்ல சோத்தப் போட்டுட்டு, அவ பானை அடியச் சுரண்டி, அதுல மோர ஊத்தி, அடுப்படியில நின்னமேனிக்கே திம்பா. ஒருநாளாவது மாறணுமே! விருந்தாளு வந்தாலும் காந்தல்தான், தீவாளிக்கும் காந்தல்தான். நானும் விட்டுட்டேன். பிடிச்சதத் தின்னுட்டுப் போட்டும், நமக்கென்ன?

தங்கமானவ. எதுக்கும் மொகஞ்சுளிக்க மாட்டா. ஒருதடவ அவ அம்மைக்கு மேலுக்குச் சொகமில்லன்னு தென்காசி போகணும். எனக்கு மத்தியானச் சோறு கட்டி வச்சுட்டு வாரதுக்குள்ள நேரமாயிட்டு. கைப்பிள்ளையத் தூக்கிட்டு ஓடி வாரா, "நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க"ன்னு கத்திக்கிட்டு. நான் கடிகாரத்தப் பாத்தேன். விசில ஊதிட்டேன். வண்டி போயிட்டு. கடமைன்னா கடமை, பெண்டாட்டின்னா பெண்டாட்டி. அன்னைக்குப் பூரா டிரைவருமாரு என் கையப் பிடிச்சுக் குலுக்குனானுவ. அவ ஒரு சொல்லு சொல்லணுமே! பெஞ்சுல உக்காந்து, பிள்ளைக்குப் பாலக் குடுத்து, அடுத்த வண்டியில போனா. யாரு வீட்டுப் பொம்பள அப்படி இருப்பா?

சாப்பிடுங்க, சாப்பிடுங்க. எலுமிச்சஞ்சோறா? மணம் தூக்குது.

அன்னைக்குச் சாயங்காலம் செண்பகாட்ட சொன்னேன், "ஏட்டி, ஒங்கம்மை வந்திருக்கா"ன்னு. அவ திடுக்குன்னு திரும்பிப் பாத்தா. வெவரத்தச் சொன்னேன். காக்கா, வெரலு, காந்தல், எல்லாம். அவ சாப்பிட்ட தட்டத் தள்ளி வச்சுட்டு வெளிய போயிட்டா. உப்பு கூடிப் போச்சோன்னு நான் எடுத்து வாயில போட்டுப் பாத்தேன். சரியாத்தான் இருந்துச்சு.

திரும்பி வந்து சொல்லுதா, "அப்பா, அந்தக் காக்காவுக்குச் சோறு வைக்காதீய. நான் அதுகளப் பிடிக்கிற வேலைலதான் இருக்கேன்."

எப்படி இருக்கு கத? பெத்த மக, அம்மையப் பிடிக்கிற வேலைல இருக்கா!

அவ சொன்ன நாயத்தையும் சொல்லிருதேன். அந்தக் காக்கா அந்த ஊருக் காக்கா இல்லியாம். வெள்ளக்காரன் காலத்துல நம்ம பக்கத்துல இருந்து கப்பல் ஏறிப் போனதாம். போன எடத்துல பெருகி, ஊரையே வளைச்சுக்கிட்டு, அங்கினக்குள்ள இருக்குற குருவிக் குஞ்சையும் முட்டையையும் பூராத் தின்னு தீத்துருதாம். "அது வந்தேறிப்பா, இங்க இருக்கக் கூடாது"ன்னா. நான் சொன்னேன், "நான் மூணு மாச விசாவுல வந்தவன். அது விசா இல்லாம நூறு வருசமா இருக்கு. எங்க ரெண்டு பேருல யாரு உள்ளூருக்காரன்?" அவகூட ஒரு பையன் வேல பாக்கான், கரிசான்னு பேரு, அந்த ஊருப் படிச்ச பிள்ள, நெட்டையா இருப்பான். அவனுக்கு இதை இங்கிலீசுல சொன்னா. அவன் வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். எம்மக சிரிக்கல.

சரி, நிப்பாட்டுதேன்னு சொன்னேன். சொன்னா நிப்பாட்டிறணுமா? இவ காலையில அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் நான் ஜன்னலத் தெறந்துருவேன். தெனமும் சோறு ஆக்குவேன், தெனமும் காந்தும். ஒரு வாரத்துல கை பழகிட்டு, காந்தாம ஆக்க வந்துட்டு எனக்கு. ஆனா அவளுக்குக் காந்தல்தான வேணும்? அதனால வேணும்னே காந்த வச்சேன். பதமாக் காந்த வைக்கிறதும் ஒரு கலைதான் பாத்துக்கிடுங்க. ரொம்பவும் கரியாவக் கூடாது, ஒட்டவும் செய்யணும். உசிரோட இருக்கையில அவளுக்கு ஒரு வாய் நான் ஆக்கிப் போட்டதில்ல, அதுக்கு அவசியமும் வரல, அவளே ஆக்கிக்கிடுவா. இப்பப் பாருங்க, தெனமும் கை சுட்டுக்கிட்டு ஆக்குதேன். செண்பகா கையில மருந்து தடவையில கேட்டா, "அம்மா இருக்கையில ஒருநாளு இப்படி வச்சிருக்கீயளாப்பா?" என்ன கேள்வி இது? இருக்குறவளுக்கு யாராவது காக்காச் சோறு வைப்பாவளா? கூறில்லாத பிள்ள.

பிரம்மசக்தி சும்மா இருப்பாளா? ஊரையே கூட்டிட்டு வந்துட்டா. மொதல்ல நாலு வந்துச்சு. பெறகு கூரை பூராவும் காக்கா. அதுல கொஞ்சத்துக்குக் கால்ல நீல வளையம். நான் என்ன நெனச்சேன்னா, இந்த ஊருல காக்காவுக்குக் கொலுசு போடுவாவ போலிருக்கு, நல்ல மனுசங்கன்னு நெனச்சேன்.

அந்தக் கொலுசுதான் என்னக் காட்டிக் குடுத்துட்டு.

ஒருநாள் கரிசா ஏதோ எடுக்க வீட்டுக்கு வந்தவன், கூரையப் பாத்து அப்படியே நின்னுட்டான். உள்ள போயி செண்பகாவுக்குப் போன் போட்டான். அவ வந்தா. கத்துவான்னு பாத்தேன், கத்தல. படியில உக்காந்துட்டா. பெறகு மணல்ல ஒரு கோடு போட்டுக் காமிச்சா. "இது கழிமுகம்ப்பா. இந்தக் கரையில காக்காவ எல்லாம் பிடிச்சிருதோம். அந்தக் கரையில ஒண்ணையும் தொடுறதில்ல, அடையாளத்துக்கு நீல வளையம் மட்டும் போட்டு விட்டிருக்கோம். ரெண்டு கரையிலயும் எத்தன குஞ்சு பிழைக்குதுன்னு பாத்தாத்தான், காக்கா இல்லன்னா குருவி பிழைக்குமான்னு சொல்ல முடியும். இப்ப அந்தக் கரைக் காக்காவ எல்லாம் இந்தக் கரைக்கு நீங்க விருந்துக்குக் கூப்பிட்டிருக்கீய. கூண்டுல கறி வச்சாலும் வர மாட்டேங்கு, ஏன்னா ஜன்னல்ல சாப்பாடு இருக்கு. இந்தக் குஞ்சு பொரிக்கிற காலத்தோட எனக்குக் குடுத்த காலம் முடியுதுப்பா. இது கெட்டா ரெண்டு வருச வேல மண்ணு."

அவ கண்ணு கலங்கிட்டு. எனக்கும் ஒரு மாதிரியாத்தான் போச்சு. பெத்த பிள்ள பாருங்க.

அப்பவும் நான் விடல. "வயித்துக்கு நான் போட்டா, அது ஏன்ட்டி குஞ்சத் தூக்கப் போவுது? ஓட்டல்ல சாப்பிட்டவன் வீட்டுல திருடுவானா?"ன்னு கேட்டேன். கேட்ட மறுநாளே பாத்தேன் தம்பி. அன்னைக்கு எந்திரிக்கக் கொஞ்சம் லேட்டு. ஜன்னலத் தெறந்தா, எதுத்த மரத்துல எடது கால்ல வெரலு இல்லாத அதே காக்கா, தூக்கணாங்குருவிக் கூட்டக் கிழிச்சு, கண்ணு தெறக்காத குஞ்சு ஒண்ண இழுத்துட்டு இருக்கு. தாய்க்குருவி சுத்திச் சுத்தி அலறுது. பிரம்மசக்தி சுத்த சைவம்! பக்கத்து வீட்டுல முட்டை ஒடைச்சாலே மூக்கப் பொத்திக்கிட்டு மாடிக்குப் போயிருவா. "ஏ பாவி, ஒனக்கு இந்தக் கதியா!"ன்னு சத்தம் போட்டேன். பெறகு யோசிச்சுப் பாத்தேன். தப்பு அவ மேல இல்ல. நான் சாப்பாட்ட லேட்டாக்கிட்டேன், பசி, என்ன செய்வா?

செண்பகாட்ட சொன்னேன். அவ சிரிச்சா. பல நாளைக்கப்பறம் சிரிச்சா. "அப்பா, சோறு போட்டாக் காக்கா குஞ்சத் திங்காம இருக்காது, இன்னும் நாலு குட்டிக் காக்காவ வளக்கும், அதுவும் சேந்து திங்கும்"ன்னா. அந்தத் தாய்க்குருவி அலறுனது காதுலயே நின்னுச்சா, சரி, இனிமே வைக்கலன்னு சொல்லிட்டேன். நெசமாவே சொன்னேன். ஜன்னலச் சாத்திட்டேன். கா கான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சு. டிவிய சத்தமா வச்சுக்கிட்டேன். அவங்க பாசையில நாடகம் ஓடும், ஒண்ணும் புரியாது, மாமியா மருமவ சண்டைன்னு மட்டும் தெரியும்.

ஆனா அமாவாசை வந்துட்டே! அமாவாசைக்குமா வைக்காம இருக்குறது? சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க.

குளிச்சேன். பருப்பு, ஒரு கூட்டு, உளுந்த வடையின்னு சொல்லி ஏதோ ஒண்ணு, சோறு. அவளுக்குன்னு பதமாக் காந்தல். எல்லாத்தையும் எலையில எடுத்துட்டு வெளிய வந்தேன். கீழ வச்சா அந்த ஊருக் குரங்கு விடாது, முந்திக்கிட்டு வந்து அள்ளிட்டுப் போயிரும். ஒசரமா எங்க வைக்கன்னு பாக்கேன். மொத நாளு சாயங்காலந்தான் கரிசா வீட்டுப் பக்கத்துல கூண்டக் கொண்டாந்து நிறுத்தியிருந்தான். ஒரு ரூம்பு அளவுக்கு இருக்கும், பூராக் கம்பிவலை. மேல நடுவுல மட்டும் ஏணியப் படுக்கப் போட்ட மாதிரி இடைவெளி விட்டு விட்டுக் கட்டை இருக்கும். காக்கா றெக்கைய மடக்கிட்டு அது வழியா உள்ள குதிச்சிரும், மேல வாரப்ப றெக்கைய விரிக்கணும்லா, முடியாது. அதான் சூட்சுமம். எனக்குத் தெரியாம இல்ல. கூண்டுக்கு உள்ளயா வச்சேன்? கூண்டு மேல வச்சேன். மேல வச்சா என்ன தப்பு?

நாற்காலி போட்டு ஏறி, வாகான எடமாப் பாத்து, சரியா அந்த ஏணி மேல எலைய வச்சுட்டு, "கா... கா..."ன்னு ஒரு குரல் குடுத்தேன். பல நாளு பட்டினி கெடந்ததுவ. வானமே இருட்டிட்டு தம்பி! வந்து எறங்குன வேகத்துல எலை கிழிஞ்சு சோறு, வடை, காந்தல் எல்லாம் உள்ள கொட்டிட்டு. கறி வச்சா ஆயிரம் யோசனை பண்ணுற காக்கா, என் சோத்துக்கு யோசிக்கவே இல்ல. ஒண்ணொண்ணாக் குதிச்சுட்டு. நான் நாற்காலியில நின்னுக்கிட்டு "போகாத, போகாத"ன்னு கத்துதேன். எனக்கு விசில் இல்ல கையில. இருந்திருந்தா ஊதியிருப்பேன்.

செண்பகாவும் கரிசாவும் வந்து பாத்தாவ. அவன் என் கையப் பிடிச்சுக் குலுக்கோ குலுக்குன்னு குலுக்குதான். ரெண்டு மாசமா அவங்களால முடியாதத நான் ஒரு காலையில முடிச்சிட்டேனாம். என்ன குலுக்கல் வேண்டிக் கெடக்கு! நான் செண்பகா கையப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டேன். "ஒங்கம்மை உள்ள இருக்காட்டி. நானே பிடிச்சுக் குடுத்துட்டேனே. மத்தத என்ன வேணும்னாலும் செய்யி. அவள விட்டுரு." ஆமா தம்பி, அழுதேன். அவ செத்த அன்னைக்குக்கூட ஆம்பளையாத்தான் நின்னேன். அன்னைக்குத்தான் தாங்கல.

அவ மெதுவாச் சொன்னா, "சரிப்பா. எது அம்மான்னு காட்டுங்க. அது ஒண்ண மட்டும் விட்டுருதேன். நீல வளையம் போட்டதையும் அந்தக் கரையில கொண்டு விட்டுருவோம். மத்தது நிக்காது."

மத்தத எல்லாம் மருந்து குடுத்து ஒரேயடியாத் தூங்க வச்சிருவாவளாம். கூண்டுகிட்டப் போயி பாக்கேன். பூராக் காக்கா. ஒரே மாதிரி கழுத்து, ஒரே மாதிரி முழி. கால்ல வெரலு இல்லாததத் தேடுதேன். ஒண்ணு இருந்துச்சு. அந்தா இன்னொண்ணு. அந்தப் பக்கம் ரெண்டு. கடலோரக் காக்காவாம், மீன்பிடிக்கிற நைலான் நரம்பு சுத்திச் சுத்தி வெரலு போயிருமாம், அங்க அது சாதாரணமாம். எது என் பிரம்மசக்தி? முப்பத்தஞ்சு வருசம் கூட இருந்தவ. தெரியல தம்பி. கண்ணாடியத் தொடச்சு தொடச்சுப் பாத்தேன். தெரியவே இல்ல.

அப்ப எனக்கு மூள வேல செஞ்சுது. "ஏட்டி, பானையில காந்தல் மிச்சம் இருக்கு. எடுத்துட்டு வா. எது அதை வந்து கொத்துதோ அதான் ஒங்கம்மை"ன்னேன். அவ உள்ள போனா. திரும்பி வாரையில கையில ரெண்டு தட்டு. ஒண்ணுல காந்தல், ஒண்ணுல நல்ல சோறு, வெள்ளையா. "இது எதுக்கு?"ன்னேன். "ரெண்டையும் வச்சாத்தான்ப்பா தெரியும். காந்தல மட்டும் வச்சா, பிடிச்சுத் தின்னுதா, வேற இல்லாமத் தின்னுதான்னு எப்படிச் சொல்லுவீய? நாங்க அப்படித்தான் பாப்போம்"ன்னா. சரி, படிச்சவ சொல்லுதா, செய்யட்டும்னு விட்டேன்.

ரெண்டு தட்டையும் உள்ள வச்சுட்டு, வேப்பமர நெழல்ல போயி மூணு பேரும் உக்காந்தோம். அந்த ஊருலயும் வேப்பமரம் உண்டு. கொஞ்ச நேரம் ஒண்ணும் எறங்கல. பெறகு ஒண்ணு வந்துச்சு. பெறகு எல்லாம் வந்துச்சு. வெரலு இருக்குறது, இல்லாதது, கொலுசு போட்டது, போடாதது, எல்லாம் போயி விழுந்தது நல்ல சோத்துல. ஒரு பருக்கை மிச்சமில்லாமத் தின்னு முடிச்சுட்டு. காந்தல் வச்சது வச்சமேனிக்கே கெடக்கு. ஒண்ணாவது மூக்க வைக்கணுமே! ஒண்ணுகூட இல்ல.

எனக்கு உசிரு வந்துட்டு. "பாத்தியாட்டி! இதுல ஒங்கம்மை இல்ல! இருந்தாக் காந்தல விடுவாளா? கெட்டிக்காரி, தப்பிச்சுட்டா!"ன்னு கையத் தட்டிட்டேன். செண்பகா என் தோள்ல மொகத்த வச்சுக்கிட்டா. சிரிச்சாளா அழுதாளான்னு தெரியல, தோளு மட்டும் குலுங்குது. கரிசா எந்திரிச்சு அந்தப் பக்கமாப் போயிட்டான். அவனுக்கு என்ன புரிஞ்சுதோ, தமிழே தெரியாத பய.

பெறகு செண்பகா வீட்டு ஜன்னலுக்கு எந்தக் காக்காவும் வரல. நானும் விசா முடிஞ்சு வந்துட்டேன். போன வாரம் செண்பகா போன்ல படம் காமிச்சா, ஒரு மரம் பூராவும் மஞ்சக் குஞ்சு, பறந்து பழகுது. நல்லாருக்கட்டும். அவ எழுதப் போற கட்டுரையில நன்றின்னு சொல்லி என் பேரையும் போடுவாளாம். சிரிக்காதீய, ஆராய்ச்சியில நமக்கும் ஒரு பங்கு இருக்கு.

இந்தத் தூக்குச்சட்டியில என்னன்னு நெனைக்கீய? காந்தல்தான். ராமேஸ்வரத்துல பிண்டம் வச்சப்பறம் அவளுக்குப் பிடிச்சது ஒண்ணு வைக்கணும்லா. ஐயரு முழிப்பாரு, முழிக்கட்டும்.

ஒண்ணுதான் தம்பி எனக்கு வெளங்கல. ஊருக்கு வந்த நாளா வீட்டு மதில்ல தெனமும் காந்தல் வைக்கேன். ஒரு காக்காவும் தொட மாட்டேங்கு. பக்கத்து வீட்டம்மா தோசைத் துண்டு வச்சா மட்டும் அங்கினயே வந்து நிக்குதுவ. எங்க போனாளோ.

இந்தா, இப்பவும் பாருங்களேன். இந்தச் சுவர்ல ஒரு கை காந்தல் வைக்கேன். கா... கா... வந்துட்டு. தலையச் சாய்ச்சுப் பாக்குது. பாக்குது... எங்க கொத்துது? உங்க பொட்டலத்தையில்லா பாக்குது.

செண்பகா சொன்னது அப்பப்ப நெனப்புல வருது. ரெண்டையும் வச்சாத்தான் தெரியும்னாளே.

தம்பி, தப்பா நெனைக்காதீய. அந்த எலுமிச்சஞ்சோத்துல ஒரு உருண்ட குடுங்களேன். சும்மாதான். காந்தலுக்குப் பக்கத்துல வச்சுப் பாப்போம். முந்திரிப் பருப்பு இருந்தா அதையும் சேத்து வைங்க. ஆமா, அங்க. கொஞ்சம் தள்ளி வாங்க. நாம பாத்தாத் திங்காது. அவளும் அப்படித்தான், யாரும் பாக்கையில திங்க மாட்டா.

என்ன ஆரன் அடிக்கான்? அதுக்குள்ள மாத்திட்டானா? மொத தடவையா என் கணக்குத் தப்பிட்டு. நீங்க போங்க. இல்ல, நில்லுங்க, அசையாதீய. குதிச்சு வருது. காந்தலத் தாண்டிட்டு... தாண்டிட்டா. எடுத்துட்டா தம்பி! நல்ல சோத்தத்தான் எடுத்துட்டா. எப்படி அவக்கு அவக்குன்னு திங்கா, பாருங்க. இத்தன நாளும் எங்கிட்டச் சொல்லலியே ஒரு வார்த்த.

கண்ணுல ஒண்ணுமில்ல, தூசி. இன்னொரு உருண்ட இருக்கா?

ஊதட்டும், ஊதட்டும். ஓடிப் போயி அந்தக் கண்டக்டர்ட்ட சொல்லுங்க தம்பி, ஒரு பெரியவரு வாராரு, வண்டிய எடுக்காதன்னு. டைமாச்சும்பான். ஆனா ஆகட்டும். ஒரு நிமிசம் நிக்கட்டும். அவ தின்னு முடிக்கட்டும்.